போர் ரேடியோ பாட்டு ரேடியோ ஆன கதை: இலங்கை வானொலி பற்றிக் கேள்வி பதில்

கொழும்புக்கு வடக்கே, ஜா-எல பக்கத்தில் இருக்கும் ஏக்கலை ஒலிபரப்பு நிலையம் ராணுவத்துக்காக வந்தது என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு நிறைய பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். தெரிந்த அளவுக்கு எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், இலங்கை வானொலியே ராணுவ ரேடியோவாகத்தான் ஆரம்பித்ததா?

இல்லை. கொழும்பில் 1925-லேயே ஒலிபரப்பு வந்துவிட்டது, ஆனால் அது சின்ன நிலையம். அதை ஆசியா முழுக்கக் கேட்க வைத்தது இரண்டாம் உலகப் போர்தான். பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டன் தன்னுடைய தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகத்தை 1944-ல் கண்டிக்குக் கொண்டுவந்தார். பர்மாவிலும் அதற்கு அப்பாலும் கிடந்த சிப்பாய்களுக்காகக் கொழும்பிலிருந்து 'ரேடியோ சீயாக்' (SEAC, அந்தப் படைத் தலைமையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) என்று ஒரு நிலையம் நடந்தது, ஜப்பான்காரர்களின் ஒலிபரப்புக்குப் போட்டியாகவும், வீட்டை விட்டு வந்தவர்கள் மனம் தளர்ந்துவிடாமல் இருக்கவும். அதற்காக ஏக்கலைக்கு வந்ததுதான் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி. போர் முடிந்தது, சிப்பாய்கள் ஊருக்குப் போனார்கள், அவ்வளவு பெரிய இயந்திரத்தை யாரும் மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை. அது இலங்கை அரசிடம் வந்தது. 1949-ல் 'ரேடியோ சிலோன்' தனித் துறையாக ஆனபோது ஒரு சின்னத் தீவின் கையில் கண்டத்துக்கே கேட்கிற குரல் இருந்தது.

கேள்வி: போர்க்கால ரேடியோப் பிரச்சாரம் என்றால் பேச்சும் செய்தியும்தானே? அதில் பாட்டு எங்கிருந்து வந்தது அண்ணா?

நல்ல கேள்வி, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமும் இதுதான். போர் முடிந்த பிறகுதான் ரேடியோவுக்குள் பாட்டு நுழைந்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. வெறும் பேச்சை எதிரி நாட்டுச் சிப்பாய் ஏன் உட்கார்ந்து கேட்கப் போகிறான்? ரேடியோ டோக்கியோ 'ஜீரோ ஹவர்' என்ற நிகழ்ச்சியில் அமெரிக்க இசைத்தட்டுகளையே அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் போட்டு, நடுநடுவே பேச்சைச் செருகியது. கேட்டவர்கள் பாட்டுக்காகத்தான் கேட்டார்கள். இந்தப் பக்கம் பிபிசி 1940-ல் படைவீரர்களுக்கென்றே ஒரு தனி அலைவரிசை தொடங்கியது, அதில் நடன இசையும் நகைச்சுவையும் அதிகம். 1941-ல் பாடகி வேரா லின் அதில் பாடியதோடு, வீட்டிலிருந்து வந்த செய்திகளையும் வாசித்தார், 'உங்களுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது' என்பது வரைக்கும். 1945-ல் அந்த அலைவரிசை இருந்த இடத்தில் 'லைட் புரோகிராம்' வந்தது, பொழுதுபோக்குக்கென்றே.

ஆக, பாட்டைப் போட்டு ஆளைப் பக்கத்தில் இழுத்து, அப்புறம் சொல்ல வேண்டியதைச் சொல்லும் வித்தையைப் போர்க்காலத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டார்கள். பிற்பாடு வர்த்தக ஒலிபரப்பு செய்ததும் அதேதான், பிரச்சாரம் இருந்த இடத்தில் பற்பசை விளம்பரம் வந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: தமிழிலும் போர்ப் பிரச்சாரம் உண்டா?

உண்டு, இரண்டு பக்கத்திலிருந்தும். பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம் தொடங்கியது, பின்னால் 'தமிழோசை' ஆனது அதுதான். சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் ரேடியோ ஜெர்மனியிலிருந்து பேசிய மொழிகளிலும் தமிழ் இருந்தது.

கேள்வி: இந்திய அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டைத் தடுக்காமல் இருந்திருந்தால் ரேடியோ சிலோன் இவ்வளவு பெரிதாக வந்திருக்குமா?

வந்திருக்கும், இவ்வளவு வேகமாக வந்திருக்காது என்பது என் கருத்து. தேதிகளைப் பாருங்கள். ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை தொடங்கியது 1950 செப்டம்பரில். கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் அதை நடத்தினார். விளம்பரம் வாங்கி, பாட்டு போட்டு, அதை இந்தியா பக்கம் அனுப்பும் யோசனை அப்போதே இருந்தது. பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் ஆனது 1952-ல். சாஸ்திரிய இசை வளர வேண்டும் என்று நினைத்தார், அந்த அக்கறை பொய்யில்லை, ஆனால் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கியதால் ஜனங்கள் கர்நாடக சங்கீதத்துக்கோ இந்துஸ்தானிக்கோ போய்விடவில்லை. ரேடியோ முள்ளைக் கொழும்பு பக்கம் திருப்பினார்கள்.

அதே 1952 டிசம்பரில் 'பினாகா கீத்மாலா' என்ற இந்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சி ரேடியோ சிலோனில் தொடங்கியது. அதன் அறிவிப்பாளர் அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவு செய்வார், நாடா விமானத்தில் கொழும்புக்குப் போகும், அங்கிருந்து ஒலிபரப்பாகி மறுபடி இந்தியாவுக்கே வந்து சேரும். பம்பாயில் பேசிய பேச்சைப் பம்பாய்க்காரர் கேட்க இலங்கை வழியாகச் சுற்றிவர வேண்டியிருந்தது! இந்தியா விழித்துக்கொண்டு அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித பாரதியைத் தொடங்க 1957 அக்டோபர் ஆனது, அதில் விளம்பரம் வர 1967 ஆனது. அதற்குள் ஒரு தலைமுறையே கொழும்பைக் கேட்டு வளர்ந்துவிட்டது.

கேள்வி: தமிழ்ச் சேவையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே ஐயா? எங்கள் வீட்டில் மயில்வாகனன் பெயரைச் சொன்னாலே அம்மா முகம் மலரும்.

என் வீட்டிலும் அப்படித்தான் அம்மா. எஸ்.பி. மயில்வாகனன்தான் வர்த்தக சேவையின் முதல் தமிழ் அறிவிப்பாளர். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் எல்லாரும் பிறகு வந்தவர்கள். தமிழ்நாட்டில் எடுத்த படங்களின் பாட்டைத்தான் இவர்களும் போட்டார்கள், அதே இசைத்தட்டுதான். ஆனால் காலை நிகழ்ச்சிக்குப் 'பொங்கும் பூம்புனல்' என்று ஒரு பெயர் வைத்ததிலும், உச்சரிப்பில் காட்டிய கவனத்திலும், கேட்பவரைத் தெரிந்தவர் மாதிரி பாவித்துப் பேசியதிலும்தான் வித்தியாசம். பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் அம்மா, அப்பா, மாமா, அத்தை என்று நீளமாகப் பெயர் வாசிப்பார்களே, அதைக் கேட்டபோதெல்லாம் எனக்கு வேரா லின்தான் நினைவுக்கு வருவார். முகம் தெரியாத ஒரு குரல் நம் வீட்டுப் பெயரைச் சொன்னால் அந்தக் குரல் நம் வீட்டு ஆளாகிவிடுகிறது. 'பாட்டுக்குப் பாட்டு' கூடத் தொலைக்காட்சிக்குப் போவதற்கு முன்னால் ஹமீத் அங்கே வானொலியில் நடத்தியதுதான்.

கேள்வி: தாத்தாவின் வால்வு ரேடியோவில் 25, 31, 41 என்று எண்கள் இருக்கின்றன. அது என்ன? இப்போது போட்டுப் பார்க்கலாமா?

அவை சிற்றலையின் மீட்டர் கணக்கு, அலையின் நீளம். சிற்றலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ரொம்பத் தூரத்தில் இறங்கும், அதனால்தான் ஏக்கலையிலிருந்து கிளம்பியது டெல்லியிலும் கேட்டது. பகலில் 25 பக்கமும் இரவில் 41 பக்கமும் பொதுவாக நன்றாக எடுக்கும். குரல் ஏறி இறங்கி அலை மாதிரி வருவதும் அந்த மண்டலம் மாறிக்கொண்டே இருப்பதால்தான்.

வருஷக்கணக்கில் சும்மா இருந்த ரேடியோவை நேராக மின்சாரத்தில் செருகாதீர்கள், தயவுசெய்து. உள்ளே பழைய கண்டென்சர்கள் கெட்டிருக்கும், போட்டவுடன் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோகலாம். வால்வு வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, சீரியஸில் ஒரு குண்டு பல்பு கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் வால்வுகளின் எண்களை எழுதி அனுப்பினால் எது கிடைக்கும், எதற்கு மாற்று தேட வேண்டும் என்று சொல்கிறேன்.