சீட்டைத் தொடாமல் லாஸ் வேகஸ்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கப் பயணம் குறித்து வந்திருக்கும் கடிதங்களில் லாஸ் வேகஸைப் பற்றியவையே மிகுதி. சூதாட விருப்பமில்லாத குடும்பங்கள் அந்த ஊருக்குப் போகலாமா, போனால் எதைப் பார்ப்பது என்பதே பலரின் கேள்வி. அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் எங்கள் மகன், நாங்கள் அங்கே வரும்போது மூன்று நாள் லாஸ் வேகஸுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறான். எனக்கும் கணவருக்கும் அறுபது வயது கடந்துவிட்டது. சீட்டாட்டமும் குடியும் இல்லாத வீடு எங்களுடையது. எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? (வாசகி, கோவை)

பதில்: தயங்காமல் போய்வாருங்கள் அம்மா. நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியதன் பயனாக வளர்ந்த ஊர் அது என்பது உண்மைதான். ஆனால் ஸ்ட்ரிப் என்று எல்லோரும் சொல்லும், ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நீளமுள்ள சாலையின் இருபுறமும் நிற்கும் பெரிய விடுதிகளின் வருவாயில் பாதிக்கு மேல் இன்று அறை வாடகை, சாப்பாடு, மேடை நிகழ்ச்சிகள் ஆகியவற்றிலிருந்துதான் வருகிறது. ஆகவே ஆடாமல் வந்துபோகிறவர்களை அங்கே யாரும் வேற்றாளாகப் பார்ப்பதில்லை.

முதல் நாள் மாலை பெல்லாஜியோ விடுதியின் முன்னுள்ள ஏரிக்கரைக்குப் போங்கள். அங்குள்ள நீரூற்றைப் பார்க்கக் கட்டணம் எதுவும் இல்லை. மாலையில் அரை மணிக்கொரு முறையும், இரவில் கால் மணிக்கொரு முறையும் ஆட்டம் நடக்கும். காற்று பலமாக வீசினால் மட்டும் நிறுத்திவிடுவார்கள். கரைச் சுவரில் கை ஊன்றி நின்றால், அசைவற்றுக் கிடக்கும் நீரில் முதலில் வரிசையாகச் சிறு கொப்பளிப்புகள் தெரியும். பாட்டு தொடங்கியதும் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட குழாய்களிலிருந்து தண்ணீர் எழுந்து, ஒன்றையொன்று பார்த்து வளைந்து, சுழன்று, தாளத்துக்கு நின்று, மறுபடி புறப்படும். பாட்டு உச்சத்துக்கு வரும்போது நடுவிலுள்ள குழாய்கள் சுமார் 140 மீட்டர் உயரம் வரை தண்ணீரை வீசும். அந்த நொடியில் வேட்டுப் போட்டதுபோல் ஓர் ஓசை நெஞ்சில் அதிரும், சற்றுப் பொறுத்து முகத்தில் சாரல் விழும். நான் முதல் முறை போனபோது ஒரு பாட்டுக்கென்று நின்று, ஆறு பாட்டு முடிந்த பிறகுதான் நகர்ந்தேன்.

அதே விடுதிக்குள் வரவேற்புக் கூடத்தின் கூரையில் டேல் சிஹூலி என்ற கண்ணாடிக் கலைஞர் செய்த, ஏறத்தாழ இரண்டாயிரம் கண்ணாடிப் பூக்கள் தொங்குகின்றன. அதைத் தாண்டியவுடன் ஒரு பூங்கூடம் உண்டு. அங்கே உண்மையான பூக்களையும் செடிகளையும் கொண்டு பருவத்துக்கொரு அலங்காரமும், சீனப் புத்தாண்டுக்கென்று தனியே ஓர் அலங்காரமும் செய்கிறார்கள். இவை இரண்டுக்கும் கட்டணம் இல்லை. வெனிஷியன் விடுதியில் கூரைக்குக் கீழே கால்வாய் வெட்டி, மேலே வானம் வரைந்து, படகு விடுகிறார்கள். மகன் அழைத்தால் ஒருமுறை பாருங்கள், அந்த ஓவிய வானம் என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை. அதற்குப் பின்புறம் 2023 செப்டம்பரில் திறந்த ஸ்ஃபியர் என்னும் கோள அரங்கு நிற்கிறது. 111 மீட்டர் உயரமுள்ள அந்த உருண்டையின் வெளிப்புறம் முழுவதும் ஒளித்திரை என்பதால், அது நிலவாகவும் கண்விழியாகவும் மாறுவதைச் சாலையில் நின்றே காணலாம்.

ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் பணம் என்றால், பெல்லாஜியோவில் 1998 முதல் நடந்துவரும் சர்க் து சோலெய் என்ற சர்க்கஸ் குழுவின் ‘ஓ’ நிகழ்ச்சிக்குச் செலவிடுங்கள். சுமார் 57 லட்சம் லிட்டர் தண்ணீர் நிறைந்த குளமே அதன் மேடை. ஒரு நிமிடம் கலைஞர்கள் நடந்துபோன இடத்தில் மறு நிமிடம் இன்னொருவர் உயரத்திலிருந்து குதித்து மூழ்குவார். ஆங்கிலம் தெரியவேண்டிய தேவையே இல்லை.

மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஒரு சொல். அடுத்த விடுதி கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும், நடந்தால் இருபது நிமிடம் ஆகும். ஸ்ட்ரிப் நெடுக ஓடும் இரட்டை அடுக்குப் பேருந்து இரவும் பகலும் உண்டு. பார்க் எம்ஜிஎம், ஏரியா, பெல்லாஜியோ ஆகிய விடுதிகளை இணைக்கும் சிறு ரயிலுக்குக் கட்டணமே இல்லை.

கேள்வி: பதினைந்து வயது மகளையும் ஒன்பது வயது மகனையும் அழைத்துச் செல்ல அனுமதி உண்டா? (வாசகர், சென்னை)

பதில்: ஊருக்குள்ளும் விடுதிக்குள்ளும் தாராளமாக அழைத்துச் செல்லலாம். 21 வயது நிரம்பாதவர்கள் சூதாடவும், ஆட்டக் கூடத்தில் நிற்கவும்தான் தடை. சிக்கல் கட்டட அமைப்பில் இருக்கிறது. பழைய விடுதிகள் பலவற்றில் வாசலிலிருந்து லிஃப்டுக்கோ சாப்பாட்டுக் கூடத்துக்கோ போகும் வழியே, பணம் போட்டு ஆடும் ஸ்லாட் இயந்திரங்களுக்கு நடுவில்தான் அமைந்திருக்கும். பிள்ளைகளோடு அந்தப் பாதையில் நடந்து கடந்துபோவதை யாரும் தடுப்பதில்லை. ஒரு நிமிடம் நின்று வேடிக்கை பார்த்தால் காவலர் வந்து நகரச் சொல்வார். நெவாடாவில் ஆட்டக் கூடத்தில் புகைபிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்பதையும் மறவாதீர்கள். மகனுக்கு மூச்சுத் தொல்லை இருந்தால், புகைக்கு இடமில்லாத பார்க் எம்ஜிஎம் விடுதியையோ, ஆட்டக் கூடமே இல்லாத விடாராவையோ பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் அறை வாடகை மிகக் குறைவாகத் தெரிகிறதே, நம்பலாமா? (வாசகர், சேலம்)

பதில்: வாடகையோடு ‘ரிசார்ட் ஃபீ’ என்று நாளொன்றுக்கு ஒரு தொகை சேரும். அறையில் படுத்துத் தூங்குவதைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தாவிட்டாலும் அதைச் செலுத்தியே ஆகவேண்டும். முதல் பயணத்தில் நான் தங்கிய விடுதியில் கணக்கு முடிக்கும்போது, நான்கு இரவுக்கு நான் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குத் தொகையைக் காட்டினார்கள். வாடகையை மட்டும் படித்துவிட்டு அடியிலிருந்த வரியைப் படிக்காமல் விட்டிருந்தேன். இப்போது மொத்தத் தொகையைத் தொடக்கத்திலேயே காட்டவேண்டும் என்று அமெரிக்க அரசின் விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. எனினும் அரசு வரியும், கார் நிறுத்தும் கட்டணமும் அதில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்த்து ஞாயிறு முதல் வியாழன் வரை தங்கினால் செலவு பெரிதும் குறையும்.

கேள்வி: என் கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஆன்லைன் ரம்மியில் எங்கள் சேமிப்பையும் என் நகைகளையும் இழந்தார். சிகிச்சை பெற்று, ஓராண்டாக அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது அமெரிக்காவிலுள்ள என் அண்ணன் குடும்பம் எங்களை லாஸ் வேகஸுக்கு அழைக்கிறது. அண்ணனுக்குப் பழைய கதை தெரியாது. கணவர் ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்கிறார். என்ன செய்வது? (பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்த முறை லாஸ் வேகஸ் வேண்டாம். மற்றவர்களுக்கு நான் அந்த ஊரை மனமாரப் பரிந்துரைக்கிறேன். உங்கள் கணவருக்கு, குறைந்தது இப்போதைக்கு, பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம் அவருடைய மன உறுதியில் எனக்கு ஐயம் இருப்பதல்ல. சூதாட்டப் பழக்கத்தை மருத்துவ உலகம் குடிப்பழக்கத்துக்கு இணையான அடிமைநோய் வகையில் வைத்திருக்கிறது. அந்த நோயிலிருந்து எழுந்தவருக்குப் பழைய ஒலியும் வெளிச்சமும் கண்ணில் பட்டாலே வேட்கை திரும்பக்கூடும். அந்த ஊரிலோ விமானத்தைவிட்டு இறங்கியதுமே, பெட்டிக்காகக் காத்திருக்கும் முன்பே, விமான நிலையத்துக்குள் ஸ்லாட் இயந்திரங்கள் வரிசையாக ஒலி எழுப்பிக்கொண்டிருக்கும். ஆட்டக் கூடங்களில் சன்னல் இருப்பது அரிது, சுவரில் கடிகாரமும் பெரும்பாலும் இராது. ஆடுகிறவர்களுக்கு மதுவை இலவசமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நள்ளிரவில் உங்களுக்குத் தூக்கம் வந்து, அவருக்கு வராமல் போனால், கூடம் லிஃப்டில் இறங்கும் தூரத்தில்தான் இருக்கும்.

முதலில் உங்கள் கணவருக்குச் சிகிச்சை அளித்தவரிடம் இந்த அழைப்பைப் பற்றி இருவரும் சேர்ந்தே பேசுங்கள். அவரை விட்டுவிட்டு நீங்கள் தனியே முடிவெடுத்தால், ‘என்னை இன்னும் நம்பவில்லை’ என்ற வருத்தம் அவருக்குள் தங்கிவிடும். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. ‘இவருக்கு அந்தச் சூழல் ஒத்துவராது, மலையும் பள்ளத்தாக்கும் பார்க்கவே ஆசை’ என்று சொன்னால் போதும். யூட்டா மாநிலத்தின் சயன் தேசியப் பூங்கா லாஸ் வேகஸிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. யூட்டாவில் லாட்டரி உட்பட எல்லா வகைச் சூதாட்டத்துக்கும் தடை உண்டு. பூங்காவை ஒட்டியுள்ள ஊரிலேயே தங்குங்கள். விமானம் லாஸ் வேகஸில்தான் இறங்கும் என்றால், அண்ணனை நேரே நிலையத்துக்குக் காரோடு வரச்சொல்லி அப்படியே புறப்படுங்கள்.

எல்லாரும் ஓர் இரவாவது அங்கே தங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், ஆட்டக் கூடமே இல்லாத விடுதியில் தங்குங்கள். பணமும் கார்டும் உங்களிடம் இருக்கட்டும், அதையும் அவரே முன்வந்து கொடுப்பதாக இருக்கட்டும். பழக்கத்திலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ‘கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்’ கூட்டங்கள் லாஸ் வேகஸிலேயே நடக்கின்றன. இந்த அளவுக்கு யோசிக்க வைக்கும் பயணத்தை இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டால் யாருக்கும் இழப்பில்லை.

கேள்வி: போனதற்கு அடையாளமாக இருபது டாலர் ஆடிப் பார்த்தால் என்ன? (வாசகர், ஈரோடு)

பதில்: அது உங்கள் விருப்பம். கணக்கை மட்டும் சொல்கிறேன். சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணுக்குரிய குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம் ரூலெட். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 1 முதல் 36 வரையும், அவற்றோடு இரண்டு சுழியங்களும் சேர்ந்து 38 குழிகள் உள்ளன. நீங்கள் சொன்ன எண் விழுந்தால் கட்டிய தொகையைப்போல் 35 மடங்கு கொடுப்பார்கள். இதன்படி நெடுநாள் ஆடினால் நூறு டாலருக்கு ஐந்து டாலருக்குச் சற்று மேல் விடுதிக்குப் போகும். மூன்று சுழியங்கள் வைத்த மேசைகளும் இப்போது ஸ்ட்ரிப்பில் உள்ளன. அங்கே இழப்பு ஏறத்தாழ எட்டு டாலர்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அந்த ஊருக்கு வரலாறு என்று சொல்ல ஏதேனும் உண்டா? (வாசகர், மதுரை)

பதில்: உண்டு ஐயா. பழைய நகர்ப்பகுதியில் நியான் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. இடிக்கப்பட்ட விடுதிகளின் விளக்குப் பலகைகளைத் திறந்தவெளியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பகலில் பார்த்தால் ஆளுயர எழுத்துகளின் வண்ணம் உரிந்து, தகரத்தில் துரு ஏறி, பல்பு கழன்ற குழிகள் வரிசையாகத் தெரியும். இருட்டியபின் போனால் அவற்றுள் பழுதுபார்க்கப்பட்டவை மட்டும் ஒளிரும். அங்கே ‘முலான் ரூஜ்’ என்ற பெயர்ப்பலகையைத் தேடிப் பாருங்கள். ஸ்ட்ரிப்பின் மேடைகளில் பாடிய கறுப்பினக் கலைஞர்களுக்கு அதே விடுதிகளில் அறை மறுக்கப்பட்ட காலத்தில், 1955-இல், எல்லா இனத்தவரையும் வரவேற்றுத் திறக்கப்பட்ட முதல் பெரிய விடுதி அது. அந்த ஆண்டுக்குள்ளேயே மூடப்பட்டது. அதன் எழுத்துகளை வடிவமைத்த பெட்டி வில்லிஸ் என்ற பெண்மணிதான், ஊரின் எல்லையில் எல்லோரும் நின்று படமெடுத்துக்கொள்ளும் வரவேற்புப் பலகையையும் 1959-இல் வரைந்தார். அந்த வடிவத்துக்கு உரிமை கோராமல் ஊருக்கே விட்டுவிட்டார்.

குற்றக் கும்பல்களின் வரலாறு கூறும் மாப் அருங்காட்சியகமும் அருகில்தான் இருக்கிறது. 1933-இல் கட்டிய நீதிமன்றக் கட்டடம் அது. அந்தக் கும்பல்களைப் பற்றி அமெரிக்க செனட்டர் கீஃபாவர் தலைமையிலான விசாரணை 1950-இல் நடந்த அறையிலேயே உட்கார்ந்து பார்க்கலாம்.

கேள்வி: ஊரைவிட்டு வெளியே போக ஒரு நாள் இருந்தால் எங்கே போகலாம்? (வாசகி, புதுச்சேரி)

பதில்: பலர் முதலில் சொல்வது ஹூவர் அணை, முக்கால் மணி நேரப் பயணம். 1935-இல் அதிபர் ரூஸ்வெல்ட் திறந்துவைத்த, 221 மீட்டர் உயரமுள்ள அந்த அணையின் மேல் நடந்தால் நெவாடாவிலிருந்து அரிசோனாவுக்குப் போய்விடலாம். மேற்கே ரெட் ராக் கேன்யன் என்ற செம்பாறைப் பள்ளத்தாக்கு இன்னும் பக்கம். அக்டோபர் முதல் மே வரை நுழைவு நேரத்தை முன்பதிவு செய்யவேண்டும்.

என் தேர்வு, வடகிழக்கே ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ‘வேலி ஆஃப் ஃபயர்’ பூங்கா. அங்கே மௌஸஸ் டேங்க் என்ற இடத்துக்குப் போகும் மணல் பாதையின் இருபுறமும் செம்பாறைகள் கருமை படிந்து நிற்கும். அந்தக் கருமையைக் கொத்தி, பழங்குடி மக்கள் காட்டாடுகளையும் சுருள் வட்டங்களையும் மனித உருவங்களையும் பொறித்திருக்கிறார்கள். கழுத்தை அண்ணாந்து தேடினால்தான் அகப்படும். ஒன்று கண்ணில் பட்டதும் பக்கத்திலேயே பத்து தெரியும். பாறையைத் தொடக்கூடாது, கையின் எண்ணெய் பட்டால் அது கெடும்.

சூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் பகலில் போகவே வேண்டாம். 2024 சூலை 7 அன்று லாஸ் வேகஸில் 48.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. சென்னை வெயிலில் பழகியவர்களும் அங்கே ஏமாந்துபோவார்கள், வேர்வை தோலில் தங்காமல் உடனே உலர்ந்துவிடுவதால் உடல் நீர் இழப்பது தெரியாது. நவம்பரிலோ மார்ச்சிலோ போங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரை விடுதியிலிருந்தே எடுத்துக்கொண்டு, விடியலில் புறப்படுங்கள்.