ஐந்து மாதமாகப் பெயர் விழவில்லை

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் 20 பேர் குலுக்கல் சீட்டு போடுகிறோம். எனக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. விழுந்த பெயரை எடுத்துவிட்டுத்தான் அடுத்த மாதம் குலுக்குவார்கள். ஐந்து மாதமாக எங்கள் இருவர் பெயரும் விழவில்லை. தில்லுமுல்லு ஏதாவது இருக்குமோ? பெயர்கள் குறையக் குறைய வாய்ப்பு கூடும், கடைசி மாதங்கள்தான் நமக்கு என்கிறாள் தங்கை. சரியா?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் மாதம் நீங்கள் தப்ப 19/20, அடுத்த மாதம் 18/19. இப்படியே ஐந்தாம் மாதம் 15/16. எல்லாவற்றையும் பெருக்கினால் நடுவில் இருப்பவை அடிபட்டு 15/20 மிஞ்சும். தங்கைக்கும் தனியாகப் பார்த்தால் அதேதான். ஆனால் 15/20-ஐ 15/20-ஆல் பெருக்கக் கூடாது. விழாமல் நிற்கும் 15 பேரில் ஒருவராக நீங்கள் இருந்துவிட்டால், தங்கைக்கு மீதி 19 இடத்தில் 14தான். 15/20 × 14/19 = 21/38, அதாவது சுமார் 55 சதவீதம். பாதிக்கு மேல்! இதை வைத்து யாரையும் சந்தேகப்பட முடியாது. முதல் மாதச் சீட்டைக் குலுக்காமல் சீட்டு நடத்துபவரே எடுத்துக்கொள்ளும் வழக்கம் உங்களிடமும் உண்டென்றால், குலுக்கலில் இருப்பது 19 பெயர்தான்: 15/19 × 14/18, அது 61 சதவீதம்.

தங்கை சொல்வது பாதி சரி. ஐந்து பேர் போய்விட்ட இன்றைய நிலையில் அடுத்த மாதம் அவருக்கு 1/15. சீட்டில் சேர்ந்த அன்றே ஆறாம் மாதத்தைப் பற்றிக் கேட்டிருந்தால்? ஐந்து மாதம் தப்ப வேண்டும், அப்புறம் விழ வேண்டும்: 15/20 × 1/15 = 1/20. முதல் மாதமும் 1/20, கடைசி மாதமும் 1/20.

குலுக்குபவர் நேர்மையானவரா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அதற்கு உத்திரமேரூர்க்காரர்களைக் கேட்கலாம். பராந்தக சோழன் காலத்து 919, 921 கல்வெட்டுகளில் குடவோலை முறை, அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்து ஊர் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் தேர்ந்தெடுக்கும் முறை, விரிவாக இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. உங்கள் சீட்டைப் போலத்தான். குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிக்க வேண்டும், விவரம் அறியாத சிறுவன் ஓலை எடுக்க வேண்டும், எடுத்த ஓலையை அங்கிருக்கும் நம்பிமார் (கோயில் பூசாரிகள்) எல்லோரும் வாசிக்க வேண்டும்.

அடுத்த குலுக்கலுக்கு முன் துண்டுகளைப் பிரித்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். 15 பெயரும் இருந்தால், அந்த மாதம் உங்கள் இருவரில் ஒருவருக்கு விழ வாய்ப்பு 2/15.