தனியாளாக டிஜே செய்பவர் தானாக இயங்கும் லைற் கொன்ரோலர் எதை வாங்கலாம்?

நானும் உங்களைப் போலத் தனியாள்தான். திருகோணமலை ரவுணுக்குள்ளும் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கமும் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று போய் வருகிறேன். எட்டு எல்ஈடி பார் லைற், தலை சுழலும் மூவிங் ஹெட் லைற் இரண்டு, ஒரு புகை மெசின், எல்லாம் ஒரு பட்டா (சின்ன லொறி) வாகனத்துக்குள் அடங்கிவிடும். பாட்டையும் லைற்றையும் ஒரே ஆள் பார்க்கக் கை பத்தாது என்பது உண்மைதான். ஆனால் "எது நல்ல கொன்ரோலர்" என்று தேடப் போனால் குழம்பித்தான் வருவீர்கள். முதலில் ஒன்றை மட்டும் பாருங்கள்: அந்தப் பெட்டி உங்கள் லப்டொப்பில் இருக்கும் பாட்டைப் பார்த்து லைற்றை ஆட்டுகிறதா, ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தைக் கேட்டு ஆட்டுகிறதா?

சவுண்ட்சுவிட்ச் என்ற லைற் மென்பொருள், ரெக்கோர்ட்பொக்ஸ் என்ற டிஜே மென்பொருளின் லைற்றிங் மோட் இரண்டும் முதல் வகை. பாட்டை முன்கூட்டியே அலசி, எங்கே தொடங்குகிறது, எங்கே ஏறுகிறது, எங்கே உச்சம் என்று குறித்து வைத்துக்கொள்ளும். அதனால் உச்சத்துக்கு ஒரு நொடி முன்னமே இருட்டாக்கிவிட்டு, பீட் விழும் நேரத்தில் எல்லா லைற்றையும் அடிக்கலாம். காதால் கேட்கிற பெட்டியால் அது முடியாது, அடுத்து என்ன வருகிறதென்று அதற்குத் தெரியாதே. தன் பட்டியலைத் தானே போடுகிற கிளப் டிஜே என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

எங்கள் பக்கத்துக் கலியாணத்தில் பட்டியல் டிஜேயின் கையிலா இருக்கிறது? உப்புவெளியில் ஒரு ஹோட்டல் கலியாணம். முதல் நாள் இரவிரவாக இருந்து இருநூறு பாட்டுக்கு மேல் அலசி வைத்துவிட்டுப் போனேன். மூன்றாவது பாட்டிலேயே பொம்பிளையின் சித்தப்பா போனை நீட்டினார். "தம்பி, இதை ஒருக்காப் போடுங்கோ, எங்கட ஆக்கள் ஆடுவினம்." போனை மிக்சரில் குத்திப் போட்டேன். சொன்னபடி சனம் எழும்பி ஆடியது. லைற் மட்டும் நீலத்தில் அப்படியே நின்றது. மென்பொருளில் ஒரு பிழையும் இல்லை. அது லப்டொப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க, பாட்டு போனிலிருந்து வந்துகொண்டிருந்தது. பிறகு மாப்பிள்ளையின் கூட்டாளிமார், ட்ரம்பெற்றும் ட்ரம்மும் வாசிக்கிற பப்பரே கோஷ்டியோடு உள்ளே வந்தார்கள். அதற்கும் நீலம்தான். சித்தப்பா திரும்பி வந்து, "லைற் பழுதோ தம்பி?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் கேட்கிற வகைக்கு மாறினேன். இதிலும் இரண்டு சாதி உண்டு. மாஸ்ட்ரோடிஎம்எக்ஸ் என்ற பெட்டி சத்தத்தை வாங்கி நிறம், வேகம், அசைவு எல்லாவற்றையும் தானே தீர்மானிக்கும். நீங்கள் எந்த லைற் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனிலோ டப்லெட்டிலோ பார்த்துக்கொண்டால் போதும். வுல்ஃப்மிக்ஸ் என்ற மற்றப் பெட்டி அப்படி முழுச் சோம்பேறிக்கு இல்லை. அது வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும், எந்த நிறம், எந்த அசைவு என்பதை நீங்கள் தொடுதிரையில் தட்ட வேண்டும். பப்பரே வந்தால் விரலால் தாளம் தட்டிக் கொடுக்கலாம். நான் இரண்டாவதன் பக்கம். காரணம், இருட்டாக்கவும் புகை விடவும் நேராக ஒரு பட்டன் இருக்கிறது. ஆரத்தி எடுக்கும்போது, கேக் வெட்டும்போது, வீடியோ எடுக்கிற அண்ணை கையைக் காட்டினால் அடுத்த நொடியே ஆட்டம் நின்று அசையாத வெள்ளை வர வேண்டும். போனைத் திறந்து, பூட்டு எடுத்து, அப்பைத் தேடுவதற்குள் ஆரத்தி முடிந்துவிடும். கடையில் எதைப் பார்த்தாலும் அதை எவ்வளவு கெதியாக நிறுத்தலாம் என்று அமத்திப் பாருங்கள்.

எந்தப் பெட்டியும் சறுக்குகிற இடம் பைலா என்ற ஆட்டப்பாட்டு. அதன் தாளம் 6/8, ஆறு ஆறாக எண்ணுவது. இந்தக் கருவிகளோ நாலு நாலாக எண்ணிப் பழகியவை. டப்பாங்குத்துக்கும் இதே கதைதான். பீட்டுக்குப் பீட் மினுக்கவிட்டால் ஆடுகிறவனின் கால் ஒரு பக்கமும் லைற் ஒரு பக்கமும் போகும், பார்க்கவே எரிச்சல். ஆள் இருந்து ட்ரம் வாசித்துப் பதிந்த பழைய சினிமாப் பாட்டுகளில் வேகமே கொஞ்சம் ஏறி இறங்கும், முன்கூட்டி அலசிய கணக்குக்கூட நடுவழியில் விலகிவிடும். இவற்றுக்கென்று நான் ஒரு செட் தனியாக வைத்திருக்கிறேன்: நிறம் மெதுவாகக் கரைந்து மாறும், மூவிங் ஹெட் தன்பாட்டில் சுற்றும், பீட்டோடு எதையும் கட்டவில்லை. பைலா தொடங்கினால் கை அதற்குத்தான் போகும்.

சத்தத்தை எங்கிருந்து கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மைக்கின் சத்தமும் சேர்ந்து போனால் அறிவிப்பாளர் "மணமக்களை மேடைக்கு அழைக்கின்றோம்" என்று சொல்லச் சொல்ல லைற் எல்லாம் துள்ளும். எனக்கு நடந்திருக்கிறது, மண்டபமே சிரித்தது. பூத் அவுட்டிலிருந்து (டிஜேயின் பக்கத்து ஸ்பீக்கருக்கென்று தனியாகச் சத்தம் போகும் துளை) எடுங்கள். அதில் மைக் கலக்காமல் செய்ய முடியுமா என்று உங்கள் டிஜே கொன்ரோலரின் செட்டிங்கில் பாருங்கள். பூத்துக்குத் தனித் திருகு இருப்பதால், பெரியவர்கள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாலும் லைற் படுத்துவிடாது.

லைற்றின் நிறம், வெளிச்சம், அசைவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சனல் தேவை, அந்தக் கணக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 1986 இல் அமெரிக்காவில் நாடக மேடைகளுக்காக வந்த, லைற்றுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் முறை ஒரு வயரில் 512 சனல் கொடுக்கிறது. ஏழு சனல்படி எட்டு பார் 56, பதினாறு சனல்படி இரண்டு மூவிங் ஹெட் 32, இரண்டும் சேர்த்து 88. புகை மெசினையும் போட்டாலும் நூறைத் தாண்டாது. ஆக, யூனிவர்ஸ் (512 சனல் கொண்ட ஒரு தொகுதி) கூடுதலாக இருக்கிறது என்று சொல்லி விலையை ஏற்றினால் விட்டுவிடுங்கள். மைக் வயரை டிஎம்எக்ஸுக்கு இழுக்காதீர்கள். 2ஆம், 3ஆம் பின்களுக்கு (pin) இடையே 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த பிளக் ஒன்றைக் கடைசி லைற்றில் குத்துங்கள். மூவிங் ஹெட் காரணமில்லாமல் துடிப்பது பெரும்பாலும் மைக் வயராலோ, இந்தப் பிளக் இல்லாததாலோதான். கரண்ட் போய் ஜெனரேற்றருக்கு மாறும் நேரத்தில் பெட்டி அணைந்து திரும்ப எழும்ப வேண்டிவரும், யூஎஸ்பியில் ஓடுகிற பெட்டி என்றால் பவர் பாங்கில் போட்டுவிடுங்கள்.

உங்களிடம் நாலு பார் மட்டும்தான் என்றால் இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். ஒன்றை சவுண்ட் மோடில் (லைற்றே சத்தம் கேட்டு மாறும்) போட்டு மற்ற மூன்றையும் அதன் பின்னால் ஓட விடலாம். கொஞ்சம் படிக்கப் பொறுமை இருந்தால் பழைய லப்டொப் ஒன்றில் கியூஎல்சி பிளஸ் என்ற லைற் மென்பொருளைப் போடுங்கள், அது இலவசம், ஒரு யூஎஸ்பி டிஎம்எக்ஸ் வயர் மட்டும் காசு. மிச்சக் காசுக்கு நல்ல ஸ்டாண்டும், அதன் காலில் போட நாலு மண்மூட்டையும் எடுங்கள். கச்சான் காற்று எழும்பினால் நிலாவெளி மணலில் வெறும் ஸ்டாண்ட் நிற்காது.