சி.ஆர்.பி. எண்ணும் குழந்தையின் வயிறும்

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. பிறவியிலேயே ஹிர்ஷ்ஸ்ப்ரங் என்னும் குடல் நோய் இருந்ததால், எட்டாம் மாதத்தில் மதுரையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். சென்ற மாதம் வயிறு பொருமிக் காய்ச்சல் வந்தபோது ராமநாதபுரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. 3.2 என்றும், மறுநாள் வேறொரு பரிசோதனைக் கூடத்தில் 28 என்றும் வந்தது. வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார், நான் பதறிவிட்டேன். ஒரே நாளில் இவ்வளவு கூடுமா? இந்த எண்ணை நம்பி முடிவெடுக்கலாமா?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: கூடவில்லை அம்மா. நீங்கள் அனுப்பிய தாள்களில் முதல் கூடம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், இரண்டாவது கூடம் ஒரு லிட்டருக்கு இத்தனை என்றும் கணக்கிட்டிருக்கின்றன. பத்து டெசிலிட்டர் சேர்ந்ததே ஒரு லிட்டர் ஆகையால், முதல் நாளின் 3.2 என்பது லிட்டர் கணக்கில் 32; மறுநாள் அது 28 ஆகச் சற்று இறங்கியிருக்கிறது. அலகைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அச்சிடுவது பெற்றோருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

சி.ஆர்.பி. என்பது உடலில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் கல்லீரல் சுரக்கும் புரதம். அழற்சி தொடங்கி ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்தே அது ஏறத் தொடங்கி, இரண்டு நாளளவில் உச்சத்தை அடையும். காரணம் நீங்கிவிட்டால் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே மாலையில் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு இரவில் எடுத்த சோதனை இயல்பாக இருப்பதை வைத்துக் குடலுக்கு ஒன்றுமில்லை என்று கொள்ள முடியாது. நிமோனியா வந்தாலும் இதே எண் உயரும் என்பதால், கூடியிருந்தால் குடல்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். இன்னும் மெதுவானது, ரத்தசோகை இருந்தாலே கூடிவிடும்.

ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயில் குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாததால் மலம் தேங்குகிறது. அப்பகுதியை நீக்கிய பிறகும் சில குழந்தைகளுக்குக் கடும் குடல் அழற்சி வரக்கூடும். கவனிக்காவிட்டால் அது உயிருக்கே ஆபத்தாகும். வயிறு உப்பி இறுகுதல், துர்நாற்றத்துடன் பீய்ச்சியடிக்கும் மலம், பச்சை வாந்தி, காய்ச்சல், துவண்டு கிடத்தல் ஆகியவற்றைக் கண்டால், சோதனை முடிவுக்குக் காத்திராமல், கடலுக்குப் போனவர் கரை திரும்பட்டும் என்றும் தாமதிக்காமல், 108 ஆம்புலன்ஸை அழைத்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பேதியை நிறுத்தும் மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். சிரை வழித் திரவமும் ஆன்டிபயாடிக்கும், ஆசனவாய் வழியாக உப்புநீரால் குடலைக் கழுவுவதுமே இதற்கான சிகிச்சை.

சிகிச்சை பலிக்கிறதா என்று நாள்தோறும் பார்க்க சி.ஆர்.பி. உதவும், அதற்கும் ஒரே கூடத்தில் எடுப்பது நல்லது. மதுரையில் கொடுத்த அறுவைச் சிகிச்சைக் குறிப்பின் நகலை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைத்திருந்து, புதிய மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.