ஊர் நலச் சங்கம் நடத்துவது எப்படி? ஒரு பொருளாளரின் பதில்கள்

கோரையாற்றுப் பாசனத்தில் ஒரு சின்னப் பேரூராட்சி எங்கள் ஊர். அங்கே ஊர் நலச் சங்கத்தில் ஒன்பது வருஷம் செயலாளராக இருந்தேன், இப்போது ஆறு வருஷமாகப் பொருளாளர். சங்கம் தொடங்கப் போகிறவர்களும், தொடங்கிவிட்டுத் தவிக்கிறவர்களும் கேட்டவற்றுக்கு என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

வலங்கைமான் பக்கத்துத் தம்பி ஒருவர்: அண்ணே, பேரூராட்சி இருக்கிறது, கவுன்சிலர் இருக்கிறார். அப்புறம் சங்கம் எதற்கு?

தெருவிளக்கு எரியவில்லை என்றால் அதை மாட்ட வேண்டியது பேரூராட்சி. முதல் வருஷம் எங்களுக்கு இது புரியவில்லை. உற்சாகத்தில் சங்கக் காசில் 11 பல்பு வாங்கி மாட்டினோம். அடுத்த மாதம் பல்பு போனவர்கள் எல்லாம் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள், அலுவலகத்துக்கும் அது வசதியாகப் போய்விட்டது.

இப்போது செய்வது வேறு. கம்பத்து எண்ணைக் குறித்து மனு எழுதுகிறோம், கையோடு ஒப்புகை வாங்குகிறோம். பதினைந்து நாளில் ஒரு நினைவூட்டு. அசையவில்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி இன்னொரு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். பாதி நேரம் பதிலுக்கு முன்னால் விளக்கு வந்துவிடும். 2022-லிருந்து நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபை கூட்டுகிறார்களே, அங்கேயும் போய் உட்காருங்கள். கிராம சபை மாதிரி அதற்குக் கூட்டம் சேர்வதில்லை. பத்துப் பேர் சேர்ந்து போனாலே பேச்சு எடுபடும்.

எந்த அலுவலகத்தின் தலையிலும் விழாத வேலைகள் சில ஊரில் உண்டு. சங்கக் காசை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கூத்தாநல்லூரிலிருந்து ஒரு சகோதரி: அப்படி உங்கள் சங்கம் உருப்படியாகச் செய்த ஒரு காரியம் சொல்லுங்களேன்?

பிரீசர் பெட்டி. சிரிக்காதீர்கள்.

எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். அப்பா இறந்தால் பிள்ளை வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். முன்பெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு மன்னார்குடிக்கு ஆள் அனுப்பிப் பெட்டி பிடிக்க வேண்டும். துக்க வீட்டில் யார் பேரம் பேசுவது? கேட்டதைக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

நாங்கள் பழைய பெட்டி ஒன்றை வாங்கி, கம்ப்ரஸரை மாற்றி, பெருமாள் கோயில் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் வைத்தோம். கூடவே நாற்பது அடி வயர், ஒரு ஸ்டெபிலைசர், அறுபது நாற்காலி. கொட்டகைச் சாவி எந்நேரமும் திறந்திருக்கும் டீக்கடையில் தொங்கும். எடுத்துப் போகிறவர் நோட்டில் பெயர், தெரு, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாடகை ஒரு நாளைக்கு 500. முடியாதவர்கள் இயன்றதைக் கொடுக்கலாம், அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

வாங்கிய மூன்றாம் மாதம் காலனித் தெருவில் ஒரு பாட்டி இறந்துவிட்டார். பெட்டி கேட்டு வந்தார்கள். "அங்கே போன பெட்டி அப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவேண்டாம்" என்று நிர்வாகக் குழுவிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். அன்றைக்குத் தலைவராக இருந்தவர் பள்ளிக்கூட வாத்தியார். எதிர்த்து எதுவும் பேசவில்லை, வண்டியில் பெட்டியோடு தானே ஏறி உட்கார்ந்து போனார். அந்த இருவரும் சங்கத்தை விட்டு விலகினார்கள். நாலு வருஷம் கழித்து அவர்களில் ஒருவர் வீட்டுக்கும் அதே பெட்டிதான் போனது, நான்தான் வயர் பிடித்துக்கொண்டு போனேன். நோட்டைப் புரட்டினால் இன்று ஊரில் அந்தப் பெட்டி போகாத தெரு இல்லை.

நன்னிலம் நண்பர்: பதிவு செய்துதான் ஆக வேண்டுமா?

வங்கிக் கணக்குத் தொடங்கவே பதிவு கேட்பார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் வேண்டும். விதிமுறைகளை எழுதி மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். நிர்வாகிகள் ஒரே மூச்சில் மூன்று வருஷத்துக்கு மேல் இருக்க முடியாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டால் தொடரலாம். பதிவு சுலபம். வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டித் தணிக்கைக் கணக்கைத் தாக்கல் செய்வதில்தான் முக்கால்வாசிச் சங்கங்கள் கோட்டை விடுகின்றன.

சிங்கப்பூரிலிருந்து நம் ஊர்க்காரர்: ஐயா, இங்கே நாங்கள் முப்பது பேர் சேர்ந்து ஊர்ச் சங்கத்துக்குப் பணம் அனுப்ப நினைக்கிறோம். நேரே கணக்கில் போடலாமா?

முதலில் முப்பது பேரின் பாஸ்போர்ட்டையும் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், அவர் பிறந்தது நம் அக்ரகாரமாகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். சின்னச் சங்கத்தால் ஆகிற காரியமா? அக்காள் கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து சங்கத்துக்கு மாற்றும் யோசனையையும் விட்டுவிடுங்கள். ஒருவர் அப்படி அனுப்பியதை நாங்கள் திருப்பிக் கொடுத்தோம், வருத்தப்பட்டார். இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும் தனித்தனியாக அனுப்பட்டும், ஒவ்வொருவருக்கும் ரசீது போடுங்கள்.

முத்துப்பேட்டைப் பக்கம் விவசாயி: கடைமடைக்காரன் கேட்கிறேன். வாய்க்கால் விஷயத்தில் சங்கம் என்ன செய்ய முடியும்?

ஆறும் பெரிய வாய்க்காலும் நீர்வளத்துறையிடம் இருக்கின்றன, அங்கே ஏப்ரல், மே மாதங்களில் பொக்லைன் இறங்கிவிடும். நம் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவதோ அதிலிருந்து பிரியும் சின்ன வாய்க்கால், சி, டி வாய்க்கால் என்பார்கள். அது யார் பட்டியலிலும் ஏறாமல் நழுவும். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கும் என்று கணக்குப் போட்டுச் சாவகாசமாக இருப்போம். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். எங்களுக்கு ஆகாயத்தாமரையும் வெங்காயத்தாமரையும் பாதி வாய்க்காலில் அப்படியே கிடந்தது. தண்ணீர் வந்து அதில் முட்டி மேலே ஏறி நாற்றங்காலை மூழ்கடித்தது.

அதிலிருந்து மாசி மாதமே நடந்து போய்ப் பார்க்கிறோம். எந்த மதகில் பலகை இல்லை, எங்கே கரை உடைந்திருக்கிறது என்று போட்டோவும் சர்வே எண்ணும் வைத்து, பங்குனிக்குள் வேளாண் பொறியியல் துறைக்கும் பேரூராட்சிக்கும் பட்டியல் கொடுத்துவிடுகிறோம். விடுபட்டதை ஊர்க்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கி வெட்டுவோம். மதியச் சாப்பாடு சங்கத்துடையது. சாம்பார் சாதம் என்றால் பத்துப் பேர், பிரியாணி என்றால் நாற்பது பேர். மனித இயல்பு, என்ன செய்வது!

திருத்துறைப்பூண்டி ஆசிரியர்: நமக்கு நாமே திட்டம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 1997-98-ல் தொடங்கி இடையில் நின்று, 2021-22-ல் மறுபடி வந்தது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், மீதியை அரசு போடும். மயானக் கொட்டகைக்கு நாங்கள் போனோம். பங்குத்தொகை கையில் இல்லாமல் மனு மட்டும் கொடுத்தால் அது கோப்பிலேயே கிடக்கும். முதலில் காசைச் சேருங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: உண்மையாக உழைத்தும் "காசு அடித்துவிட்டான்" என்கிறார்கள். விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

எனக்கும் நடந்தது. 2018 நவம்பர் 16, கஜா புயல். எங்கள் ஊரில் இருபத்திரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோம். தார்ப்பாய் வந்தது, கொடுத்தோம். அந்த அவசரத்தில் யாருக்கு எத்தனை என்று நான் எழுதி வைக்கவில்லை. 140 தார்ப்பாய் வந்தது என்று லாரிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். என்னால் 122-க்குத்தான் ஆள் சொல்ல முடிந்தது. பதினெட்டு எங்கே போயிற்று? எனக்கு இன்றுவரை தெரியாது. என் மனைவி காய்கறிக் கடைக்குப் போனால்கூட அந்தப் பதினெட்டைக் கேட்டார்கள்.

பிறகு டீக்கடைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினோம். மாதம் ஒன்றாம் தேதி வரவு, செலவு, இருப்பு. டீசல் 340 ரூபாய் என்றால் டீசல் 340. பேச்சு நிற்கவில்லை. ஆனால் பேசுகிறவர்கள் இப்போது "டீசல் எதற்கு 340?" என்று கேட்கிறார்கள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். நீங்களும் விட வேண்டாம், முதலில் பலகை ஒன்று வாங்குங்கள்.

குடவாசலிலிருந்து ஒரு அம்மா: எங்கள் ஊர்ச் சங்கத்தில் பெண்களே இல்லை. உங்களிடம்?

நாங்களும் அப்படித்தான் இருந்தோம் அம்மா. ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லை என்று குறை சொன்னோம். ஞாயிறு மாலை நாலு மணிக்கு மாற்றியதும் பதினாலு பேர் வந்தார்கள். அதில் பாதிப் பேர் மகளிர் சுய உதவிக் குழுவில் பல வருஷமாகப் பேரேடு எழுதுகிறவர்கள். எங்களைவிட அவர்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். போன பொதுக்குழுவில் என் நோட்டில் கூட்டல் பிழை ஒன்றை எழுந்து நின்று சொன்னவரும் அவர்களில் ஒருவர்தான். ஆவணியில் தேர்தல் வருகிறது. அவரையே பொருளாளராக நிற்கச் சொல்லியிருக்கிறேன். பேத்தியின் பரீட்சை முடியட்டும், சொல்கிறேன் என்றிருக்கிறார்.