ஓட்பியா, மார்க்கெட் ஹார்பரோவா?

தம்பி, இங்கிலாந்தின் லெஸ்டர் ஜெனரல் ஆஸ்பத்திரியில் வேலை, பையனுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், ஓட்பியில் வீடு பார்ப்பதா மார்க்கெட் ஹார்பரோவிலா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஒரே நாடாளுமன்றத் தொகுதிதான்: ஹார்பரோ, ஓட்பி அண்டு விக்ஸ்டன். ஆனால் ஏ6 சாலையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சம்பந்தமே இருக்காது.

ஓட்பி பெயருக்குத்தான் தனி ஊர், லெஸ்டரோடு ஒட்டிக் கிடக்கிறது. 1972-ல் சர்வாதிகாரி இடி அமீன் உகாண்டாவிலிருந்து துரத்திய குஜராத்திகள் முதலில் லெஸ்டரின் பெல்கிரேவ் பக்கம்தான் குடியேறினார்கள். நாலு காசு சேர்ந்ததும் பலர் ஓட்பிக்கு வந்துவிட்டார்கள். நம் முகத்தை யாரும் விசித்திரமாகத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜெனரலும் பக்கம்.

மார்க்கெட் ஹார்பரோ அசல் சந்தை ஊர். 1614-ல் கட்டிய பள்ளிக்கூடம் கடைத்தெரு நடுவில் மரத்தூண்கள் மேல் நிற்கிறது. கீழே சந்தை கூடட்டும் என்று இடம் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில், ஒரு காலத்தில் பெண்களுக்கு இடுப்புக் கச்சை தைத்த சைமிங்டன் ஆலையில் இப்போது கவுன்சில் ஆபீஸும் நூலகமும் இருக்கின்றன. லண்டனுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான், அதனால் வீட்டு விலை நமக்கு எட்டாது. நடுவில் கிப்வொர்த், ஃபிளெக்னி, ஃபாக்ஸ்டன் என்று வயலும் செம்மறி ஆடுமாகக் கிராமங்கள். ஃபாக்ஸ்டன் கால்வாயில் பத்து மதகுகள் வழியாகப் படகுகள் 75 அடி ஏறுவதைப் பையனுக்குக் கட்டாயம் காட்டுங்கள். குடியிருக்க மட்டும், நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் கார் இல்லாமல் அந்தப் பக்கம் யோசிக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் ஓட்பி. பட்ஜெட் இடித்தால் பக்கத்து சவுத் விக்ஸ்டன்.

ஒன்று கவனியுங்கள். ஓட்பி லெஸ்டர் நகர கவுன்சிலில் சேராது. பள்ளி விண்ணப்பம் லெஸ்டர்ஷயர் கவுண்டிக்குப் போக வேண்டும், குப்பைத்தொட்டி விவகாரம் ஓட்பி, விக்ஸ்டனுக்கான உள்ளூர் பரோ கவுன்சிலுக்கு. விசா உள்துறையில் இழுத்தடித்தால் எம்.பி. ஆபீஸுக்கு எழுதலாம், முழு முகவரியும் போஸ்ட்கோடும் போடுங்கள், தொகுதிக்காரர் என்று தெரிந்தால்தான் எடுப்பார்கள்.

அரசியலும் கேட்டீர்கள். 1950 முதல் இங்கே எம்.பி. கன்சர்வேடிவ் கட்சிதான். 2017 முதல் நீல் ஓ'பிரையன். 2019-ல் 17 ஆயிரத்துக்கு மேல் இருந்த ஓட்டு வித்தியாசம் 2024-ல் இரண்டரை ஆயிரத்துக்குள் வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் ஓட்பி, விக்ஸ்டன் பரோ கவுன்சில் 1991 முதல் லிபரல் டெமாக்ரட் கையில்! எம்.பி.க்கு ஒரு கட்சி, குப்பைக்கு ஒரு கட்சி.

இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் கணக்கில் வருவதால், முறையான விசாவோடு இங்கே குடியிருந்தால் பொதுத்தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். வீடு அமைந்த கையோடு வாக்காளர் பட்டியலில் ஆன்லைனில் பதிந்துவிடுங்கள். பிறகு கடன், மொபைல் ஒப்பந்தம் என்று போகும்போது முகவரியைச் சரிபார்க்க அந்தப் பதிவைத்தான் பார்ப்பார்கள். வாக்குச்சாவடியில் போட்டோ அடையாளம் கேட்பார்கள், நம் இந்திய பாஸ்போர்ட்டே போதும்.