மைனஸ் நாற்பதில் ஒரு பயணம்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மங்கோலியாவில் நீங்கள் ஆங்கில ஆசிரியராக இருந்தபோது, ஜனவரி விடுமுறையில் ஜாவ்கான் மாகாணத்துக்குள் வேனில் சென்றுவந்ததைப் பற்றிய கட்டுரையை வாசித்தேன். மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரில் மேய்ச்சல்காரர்கள் துணிக்கூடாரத்தில் குழந்தைகளோடு வாழ்கிறார்கள் என்று படித்தபோது மனம் கனத்துப்போனது. எல்லோரும் ஜூலையில் நாதம் திருவிழாவுக்குப் போகும் நாட்டில் நீங்கள் ஏன் குளிர்காலத்தில் சுற்றினீர்கள்? அந்த மக்களை நகரத்தில் குடியமர்த்தினால் இந்த அவதி தீர்ந்துவிடாதா? ஆசிரியராக நீங்கள் அவர்களிடம் அதை எடுத்துச் சொல்லியிருக்கலாமே? எனக்கும் ஒருமுறை போய்வர ஆசை. எப்போது போகலாம்?

செ.

அன்புள்ள செ.,

ஊர் பார்க்க நான் கிளம்பவில்லை. அரையாண்டு முடிந்ததும் பள்ளி விடுதியை மூடிவிடுவார்கள். மேய்ச்சல்காரர்களின் பிள்ளைகள் பெற்றோரிடம் திரும்பும் நேரம் அது. ஒரு மாணவனின் தந்தை வீட்டுக்கு அழைத்திருந்தார். மாகாணத் தலைநகர் உலியாஸ்தாயிலிருந்து தோசோன்செங்கேல் என்ற ஊர்ப் பக்கம் போகும் வேனில் பிள்ளைகளோடு எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

குளிர்காலத்தில் அங்கே வண்டி ஓடாது என்று நினைத்துவிடாதீர்கள். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் கோடையில்தான் பாடு. சேற்றில் சக்கரம் புதையும், ஆற்றில் நீர் ஏறினால் கரையில் காத்துக்கிடக்க வேண்டும். ஜனவரியில் சதுப்பு இறுகிக் கல்லாகிவிடும், ஆறே பாலமாகிவிடும். வண்டியைக் கிளப்புவதுதான் பெரிய வேலை. பூர்கோன் என்று அழைக்கப்படும் அந்த ரஷ்ய வேனில் எஞ்சின் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவே, வண்டிக்கு உள்ளேயே இருக்கிறது. எங்கள் ஓட்டுநர் இரவில் ரேடியேட்டர் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, எஞ்சின் மேல் கனத்த மெத்தையைப் போர்த்திவிட்டுத்தான் படுக்கப் போவார். விடிந்ததும் புளோ டார்ச்சைப் பற்றவைத்து, வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சின் எண்ணெய் இருக்கும் தொட்டியைச் சுடவைப்பார். உறைந்து கிடக்கும் எண்ணெய் இளக நேரம் பிடிக்கும். அதற்குள் உள்ளே பெண்கள் காய்ச்சிய வெந்நீர் பாத்திரம் பாத்திரமாக வந்து சேரும். அவர் இதைப் பதற்றமில்லாமல், ஒரு சடங்கைப் போல, வரிசை தவறாமல் செய்வார். கையுறையைக் கழற்ற வேண்டிய வேலைகளை மட்டும் மளமளவென்று முடிப்பார்.

அந்தப் பயணத்தில் நான் மறக்காதது வேறொன்று. இதேர் ஆற்றங்கரையில் தடம் இரண்டாகப் பிரிந்தது. ஆற்றோடு போனால் தூரம் குறைவு. என்னை அழைத்தவரின் மகன், என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையன், பின்னிருக்கையிலிருந்து, மலைச்சரிவுப் பாதையில் போகச் சொன்னான். அவன் அப்பாவைவிட மூத்தவரான ஓட்டுநர், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியைத் திருப்பினார். காரணத்தைப் பிறகு எனக்கு அவன் விளக்கினான். கடுங்குளிரில் பனிக்கட்டி ஆற்றின் அடிவரை தடித்துப்போகும். கீழே ஓடும் நீருக்கு வழியில்லாமல் விரிசல்கள் வழியாக மேலே பீறிட்டு, வெண்பனிக்கு அடியில் பரவி நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சக்கரம் இறங்கி நின்றுவிட்டால் அங்கேயே உறைந்து பிடித்துக்கொள்ளும். அந்த வளைவில் வருடாவருடம் நீர் மேலேறும் என்பது அவனுக்குச் சிறுவயது முதல் தெரியும்.

இனி உங்கள் மனக்கனத்துக்கு வருகிறேன். அவர்கள் வாழும் கெர் என்னும் வட்டக் கூடாரம் வெறும் துணிக்கூடாரம் அல்ல. ஆட்டு ரோமத்தை அடித்து, நனைத்து, உருட்டிச் செய்த தடித்த கம்பளிதான் அதன் சுவர். குளிர்காலத்தில் இன்னும் ஓர் அடுக்கு கூட்டுவார்கள். நடுவில் அடுப்பு, அதில் காய்ந்த சாணம். நான் நுழைந்ததும் மேல்சட்டையைக் கழற்றும் அளவுக்கு உள்ளே வெப்பம் இருந்தது. உப்பிட்ட பால் தேநீரை வலது கையால் நீட்டினார் பாட்டி. நலம் விசாரிக்கும் முறையிலேயே குளிர்காலம் சுகமாகக் கழிகிறதா என்ற கேள்வி இருக்கிறது.

இடத்தை அவர்கள் தேர்ந்த விதத்தைப் பாருங்கள். காற்று அசையாத தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கின் அடியில் போய்த் தங்கும். அதனால் குளிர்கால முகாமைச் சமவெளியில் போடமாட்டார்கள். தெற்கு பார்த்த சரிவில், காற்று மறைவில் இருக்கும். ஆட்டுப்பட்டியின் தரையில் வருடக்கணக்காகப் படிந்த சாணம் ஆடுகளுக்கு மெத்தையாகிறது. அதையே வெட்டியெடுத்துக் காயவைத்தால் எரிபொருள்.

அவர்கள் அஞ்சுவது குளிருக்கு அல்ல. ஜனவரியில் ஒரு நாள் திடீரென்று வெப்பம் ஏறினால்தான் முகம் மாறுகிறது. உருகிய பனி இரவில் மறுபடி உறைந்து, புல்லின் மேல் கண்ணாடித் தகடாக மூடிவிடும். குதிரை குளம்பால் பனியைத் தோண்டும், அது திறந்த இடத்தில் ஆடுகள் மேயும். தகடு தடித்துவிட்டால் குதிரையாலும் முடியாது. இதை இரும்பு ஜூத் என்பார்கள். கோடையில் மழை பொய்த்து, கால்நடைகள் கொழுக்காமல் குளிருக்குள் நுழைந்திருந்தால் சேதம் பன்மடங்காகும். 2009-10 குளிர்காலத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன.

நகரத்துக்குப் போகலாமே என்கிறீர்கள். போனார்கள். மந்தையை இழந்த குடும்பங்கள் தலைநகர் உலான்பாதரைச் சுற்றியுள்ள குன்றுகளில் அதே கெரைப் போட்டுக் குடியேறின. குழாய்த் தண்ணீர் இல்லை, கழிவுநீர் வசதி இல்லை. சாணத்துக்குப் பதில் நிலக்கரியை எரித்தார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்த நகரம் புகையில் மூழ்கியது. 2019-இல் பதப்படுத்தாத நிலக்கரியை அங்கே தடைசெய்யும் நிலை வந்தது. நாட்டின் ஏறக்குறைய பாதிப் பேர் ஏற்கெனவே அந்த ஒரு நகரத்தில்தான் இருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பேரை அங்கே அனுப்பும்படி நான் எந்த வாயால் சொல்வேன்?

எனக்கு மனம் கனத்த இடம் வேறு. அந்தப் பையனின் தம்பிக்கு ஆறு வயது. 2008 முதல் ஆறு வயதிலேயே பள்ளிச் சேர்க்கை. அவ்வளவு சின்னப் பிள்ளையை விடுதியில் விட மனமில்லாமல், தாய் அவனோடு வட்டத் தலைமையிடத்தில் தனியாக ஒரு கெர் போட்டு இருக்கிறார். செப்டம்பர் முதல் ஜூன் வரை முகாமில் தந்தையும் பாட்டியும் மட்டும். பனி தோண்ட, வைக்கோல் வைக்க, ஓநாய்க்குக் காவல் இருக்க ஆள் மிகவும் தேவைப்படும் மாதங்களில் வீடு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. இரண்டு அடுப்பு, இரண்டு செலவு. நான் போயிருந்த நாட்களில்தான் அவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தத் தாய் அடிக்கடி எழுந்து இளையவனின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார், அவன் தூங்கவே ஆரம்பிக்காதபோதும்.

இதில் நான் வேடிக்கை பார்க்க வந்தவன் அல்ல. வீட்டைப் பிரிக்கும் பள்ளியில் சம்பளம் வாங்கும் ஆள். பள்ளி வேண்டாம் என்று அந்தக் குடும்பத்தில் ஒருவரும் சொல்லவில்லை. பையன் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. ஆனால் அந்த ஆற்று வளைவைப் பற்றி அண்ணனுக்குத் தெரிந்தது, ஆறு வயதிலேயே முகாமை விட்டுப் போன தம்பிக்கு எப்படித் தெரியவரும்? அங்கே கோடையில் மேய்ச்சல் நிலத்துக்கே போய்க் கெரில் நடக்கும் மழலையர் பள்ளிகள் இருக்கின்றன. முதல் இரண்டு வகுப்புகளையாவது குளிர்கால முகாம்களுக்கு நடுவே அப்படி நடத்தலாம், குளிர்கால விடுமுறையை நீட்டலாம். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். கட்டடம் கட்டித் தருவதைவிட இது அவர்களுக்கு உதவும்.

நீங்கள் போவதாக இருந்தால் தனி வண்டியில் போகாதீர்கள். இரண்டு வண்டிகள் சேர்ந்து போவது நல்லது. ஓட்டுநர் அந்த வட்டாரத்துக்காரராக இருக்கட்டும். பெரும்பாலும் பிப்ரவரியில் வரும் சாகான் சார் என்னும் புத்தாண்டு வாரத்தில் எல்லோரும் உறவினர் வீடுகளுக்குக் கிளம்பிவிடுவதால் ஓட்டுநர் கிடைப்பது அரிது. புத்தாண்டு முடிந்த கையோடு போனால் குளிரும் சற்றுத் தணிந்திருக்கும், ஆறுகளும் உறைந்தே இருக்கும். உங்களுக்கு விருப்பமென்றால் எழுதுங்கள், அந்த ஓட்டுநரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்